அத்திடியவுக்கு ஒரு நடை



பயணம் என்றவுடன் நாம் தூரத்தைத்தான் நினைக்கிறோம். கடல் கடக்க வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும், திரும்பி வந்து சொல்ல நாலு கதை வேண்டும். இன்று நான் சொல்லப்போகும் பயணத்தில் இவை ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். ஐந்தாறு கிலோமீற்றருக்கு அப்பால் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்த ஆறு மணித்தியாலத்தில் ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த நடையைப் பற்றி உங்களோடு கதைக்க நினைத்தேன்.

என்னோடு வந்தவர் என் நண்பர். கொட்டாஞ்சேனைவாசி. பல வருடம் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பெயர் சொன்னால் கோபிப்பார். மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் என்னை ‘காணும்’ என்பார்; நல்ல மனநிலையில் இருந்தால் ‘நீர்’ என்பார்.

நாங்கள் பழக்கமானது 1996 ஆம் ஆண்டில், ஒரு வரிசையில். அந்த நாளில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்களுக்கு வரிசைகள் பழக்கம். பொலிஸ் பதிவுக்கு ஒரு வரிசை, படிவத்துக்கு ஒரு வரிசை, அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்துக்கு இன்னொரு வரிசை. அப்படி ஒன்றில் எனக்கு முன்னால் நின்றவர், சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஒரு செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பார்க்கிறீர்கள்?” என்று கேட்டேன். “இதுக்கு ஒருத்தரும் பதிவு கேக்கேல்லை” என்றார். அன்று தொடங்கிய சினேகிதம்.

அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததில்லை. அந்த வருடம் ஜூலை மாதம் தெகிவளையில் ரயிலில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருவதே எங்களுக்குப் பெரிய நடை. ஒரு மனிதன் சும்மா நடக்கிறான், காற்று வாங்க நடக்கிறான் என்று சொன்னால் சோதனைச் சாவடியில் நம்பமாட்டார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். உலாவுவதற்கு அந்த இரண்டு பதிலும் இருக்காது. ஹாஸ்லிற் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1822 ஆம் ஆண்டில் நடைப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தனியாக நடப்பதே சுகம் என்பது அவருடைய கட்சி. தமிழில் சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரை வழியே கூட்டாகப் போய், கூட்டாக ஒரு புத்தகம் எழுதினார்கள். ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற அந்தப் புத்தகத்தை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தனியாகவா, துணையோடா என்ற அந்தச் சர்ச்சை எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. நடக்கலாமா என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

இப்போது நடக்கலாம். ஆனால் இருவருக்கும் முழங்கால் வருத்தம். காலம் இப்படித்தான் கொடுக்கிறது, நேயர்களே.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

முப்பது வருடமாக நான் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரே வீட்டில் அல்ல; ஏழு வீடுகளில். வலிகாமம் வடக்கில் எனக்குச் சொந்தமாக ஆறு பரப்புக் காணி இருக்கிறது. கிணறும் இருந்தது, ஒரு பலாமரமும் இருந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சண்டை மீண்டும் தொடங்கியபோது அங்கிருந்து வெளிக்கிட்டோம். யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். பலர் போய்ப் பற்றை வெட்டிக் கோயிலில் விளக்கு வைத்தார்கள். என்னுடைய காணி விடுபட்ட கட்டங்களில் வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், அங்கே ஒரு பலாமரத்தின் தலை தெரிகிறது. அது என்னுடையதுதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத தூரம்.

இந்த நிலையில் ரொறன்ரோவில் இருக்கும் மகன், “அப்பா, இனிக் காணாது, கொழும்பிலே ஒரு துண்டு நிலம் வாங்குங்கோ, நான் காசு அனுப்புறன்” என்றான். தரகர் ஒருவர் அகப்பட்டார். அத்திடியப் பக்கத்தில் எட்டுப் பேர்ச் காணி, காற்றோட்டமான இடம், பின்பக்கம் ஒருநாளும் வீடு வராது, பச்சைப் பசேல் என்றிருக்கும் என்றார். விலையும் எங்கள் பக்கத்தோடு பார்க்கும்போது மலிவு. திங்கட்கிழமை முற்பணம் கொடுப்பதாகப் பேச்சு. சந்தோஷத்தில் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “பின்பக்கம் ஏன் காணும் ஒருநாளும் வீடு வராது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “சனிக்கிழமை வாறன். ஒருக்கா நடந்து பாப்பம். பிறகு முற்பணத்தைக் குடும்” என்றார்.

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை. மாஸ்டர் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினார். கையில் குடை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு பழைய தூரநோக்கி. “முதல்ல கால்வாயைப் பாப்பம்” என்று வடக்குப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். “அத்திடிய மற்றப் பக்கம், மாஸ்டர்” என்றேன். “தெரியும். வாரும்.”

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தண்டவாளம். கறுத்த பாறைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து, கொடியில் போட்ட துணி மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தன. மாஸ்டர் வழி முழுக்க ஊர்ப் பெயர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தை என்றால் மணல் தோட்டம் என்பார்கள். கொட்டாஞ்சேனை என்ற பெயர் கொட்டம்பா மரத்தோடும் சேனைப் பயிரோடும் வந்தது என்பார்கள். “உம்முடைய தோட்டத்தில தோட்டம் இல்லை, என்னுடைய சேனையில சேனை இல்லை. பேரை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை எல்லாம் கட்டிப்போட்டாங்கள்” என்றார்.

கால்வாய் கடலில் விழும் இடத்தில் நின்றோம். கொழும்பில் இருக்கும் எத்தனையோ பேர் காலி வீதிப் பாலத்தின் மேல் தினமும் போகிறார்கள், கீழே ஓடுவது என்னவென்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. இதற்குச் சிங்களத்தில் ‘மோட எல’ என்று ஒரு பழைய பெயர் உண்டு என்று மாஸ்டர் சொன்னார். முட்டாள் கால்வாய் என்று பொருள். ஆங்கிலேயர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், கொழும்பில் தேங்கும் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோக லயார்ட் என்ற அதிகாரி இதை வெட்டுவித்தார். வெட்டி முடித்த பிறகு மட்டக் கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஊர்க்கதை. வெள்ளம் கடலுக்குப் போகாமல் கடல் உள்ளே வந்ததாம். ஆங்கிலத்திலும் லயார்டின் மடமை என்றுதான் பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

“ஏன் இதைக் காட்டினனான் தெரியுமோ?” என்று கேட்டார் மாஸ்டர். “இந்த ஊரிலே தண்ணி எந்தப் பக்கம் போகும் எண்டு, மட்டம் பாக்கிற கருவியை வைச்சிருந்தவனுக்கே பிழைச்சது. உம்முடைய தரகரிட்டை கருவியும் இல்லை.”

ஒரு முச்சக்கர வண்டி பிடித்து பெல்லன்வில விகாரைக்குப் போனோம். அநுராதபுரத்து மகாபோதியின் முப்பத்திரண்டு கன்றுகளில் ஒன்று என்று போற்றப்படும் அரசமரம் அங்கே இருக்கிறது. வெள்ளை உடுத்த குடும்பங்கள் பூவட்டியும் தண்ணீர்க் குடமுமாக மரத்தைச் சுற்றி வந்தன. நாங்களும் செருப்பைக் கழற்றி ஒரு சுற்றுச் சுற்றினோம். அரசமரத்துக்கு யார் சுற்றினால் என்ன?

விகாரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும், நேயர்களே, கொழும்பு சட்டென்று நின்றுவிட்டது. இதை எப்படிச் சொல்வேன்! ஹோர்ன் சத்தம் பின்னால் போய்விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் புல். இடையிடையே தண்ணீர் தகடு தகடாகக் கிடந்தது. சம்பும் கோரையும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. அதற்கு மேலே கொக்குகள். முப்பது வருடம் இதே நகரத்தில் இருந்து, ஊரை நினைத்து ஏங்கியிருக்கிறேன். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இப்படி ஒரு வெளி கிடந்தது எனக்குத் தெரியாது.

நம்முடைய பழைய இலக்கணத்தில் நிலத்தைப் பிரித்து வைத்தார்களே, அது நினைவுக்கு வந்தது. காலையில் கடற்கரை, அது நெய்தல். இப்போது வயல் சார்ந்த இடம்; மருதம். “நெய்தலிலே புறப்பட்டு மருதத்துக்கு வந்திட்டம், மாஸ்டர்” என்றேன். நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல் என்று தொல்காப்பியர் உரிப்பொருள் வகுத்தது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. சற்று நேரத்தில் வந்தது.

“இது வயலில்லை, வயலாக இருந்தது” என்று திருத்தினார் மாஸ்டர். ஒருகாலத்தில் இங்கே நெல் விளைந்தது. வடிகால் கெட்டு வெள்ளம் நிற்கத் தொடங்கியதும், நகரமும் கிட்ட வந்ததும், கமக்காரர் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். விட்ட வயலைப் புல் எடுத்தது, புல்லைத் தேடிப் பறவை வந்தது. இப்போது பெல்லன்வில, அத்திடிய இரண்டு பக்கத்துச் சதுப்பும் சேர்ந்து 372 ஹெக்டேயர் சரணாலயம். இங்கிருந்து வெரஸ் கங்கை வழியாகத் தண்ணீர் பொல்கொட ஏரிக்குப் போகிறது.

தூரநோக்கியை என்னிடம் தந்தார். நீலத் தாழைக்கோழி ஒன்று, சிவந்த மூக்கும் நீலச் சட்டையுமாக, கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. கரும்பு தின்னும் பிள்ளை மாதிரி. தாமரை இலைக்கோழி இலை அமிழாமல் இலைக்கு இலை நடந்தது. விரல்கள் நீளம், பாரம் பரந்துவிடும் என்று விளக்கம். சேற்று விளிம்பில் சின்னஞ்சிறு உள்ளான்கள் வாலை ஆட்டி ஆட்டிக் கொத்தின. சைபீரியா போன்ற வடதேசங்களின் குளிருக்குத் தப்பி ஐப்பசியை ஒட்டி வந்து, சித்திரைக்கு முன்பின்னாகத் திரும்பும் கூட்டம். கரையில் ஒரு கபரகொய்யா மரக்கட்டை போலக் கிடந்து, நாங்கள் கிட்டப் போனதும் ஆறுதலாகத் தண்ணீருக்குள் இறங்கியது. மீன்பிடிப் பூனை என்று ஒரு பிராணி, கொழும்பைச் சுற்றிய சதுப்புகளில் இரவில் உலாவுகிறது என்று மாஸ்டர் சொன்னார். பூனை என்றால் தண்ணீருக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். இது நீந்தி மீன் பிடிக்குமாம்.

எல்லாம் அழகென்று சொல்லமாட்டேன். பிளாஸ்ரிக் போத்தலும் சொப்பிங் பையும் மிதந்தன. ஒரு வாய்க்கால் முழுவதையும் ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரை மூடியிருந்தது. சிங்களத்தில் ‘ஜப்பான் ஜபர’ என்பார்கள். ஆனால் அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. நூறு வருடத்துக்கு முன் அழகுக்கென்று கொண்டுவந்த செடி. அது பரவிய வேகத்தில் பயந்து, அதைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். சட்டம் இருக்கிறது, செடியும் இருக்கிறது. கரையோரம் வெல் ஆத்த என்ற மரம் அடர்ந்திருந்தது. அன்னமுன்னாவின் இனம். ஒட்டுக் கட்ட அடிக்கட்டையாக வந்தது, சதுப்பையே பிடித்துக்கொண்டது.

“இந்த இடத்தை எப்ப சரணாலயமாக்கினவை, மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“1990, ஜூலை 25.”

நான் நின்றுவிட்டேன். நாங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டு ஒரு மாதமும் சில நாட்களும். சதுப்பு நிலங்களைக் காப்பதற்கென்று 1971 இல் ஈரானில் ராம்சார் என்ற ஊரில் செய்த சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததும் அதே 1990 இல்தான். ஒரு பக்கத்தில் தாழைக்கோழிக்கும் உள்ளானுக்கும் இது உங்கள் இடம் என்று வர்த்தமானியில் எழுதிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கத்தில் நாங்கள் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். பறவையில் எனக்குப் பொறாமையில்லை. ஆனால் ஒரு திகதி இப்படி வந்து முகத்தில் முட்டும்போது, கொஞ்ச நேரம் வாய் வராது.

அந்த மௌனத்தோடேயே என் காணிக்கு வந்து சேர்ந்தோம். சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே, ஒரு சின்னத் தெருவின் முடிவில். சிவந்த கிரவல் மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். நாலு மூலையிலும் கல். பின்பக்கம் தரகர் சொன்ன அந்தப் பச்சை. மாஸ்டர் குடை முனையால் மண்ணைக் குத்தினார். ஒரு சாணுக்குக் கீழே குடை இலகுவாக இறங்கியது. இழுத்தபோது முனையில் கறுப்புச் சேறு.

“மேலே கிரவல், கீழே கரிமண்” என்றார். “ஆயிரம் வருடமாக உக்கின புல். தண்ணி இருக்கும் வரை அது ஊறின பஞ்சு. மேலே பாரத்தை வைச்சு, தண்ணியையும் வடிச்சால் நசியும். நசிய நசியச் சுவர் வெடிக்கும்.” பிறகு கையை நீட்டி, “மழைத்தண்ணி கொழும்பிலே எங்கே போகும் எண்டு நினைக்கிறீர்? உடனே கடலுக்குப் போகாது. இப்பிடியான இடங்களிலே வந்து படுத்துக் கிடந்து, ஆறுதலாகப் போகும். நீர் வாங்கப்போறது காணியில்லை, தண்ணி படுக்கிற பாய்.”

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, நேயர்களே. ஊடல் என்றேனே, அதுதான்.

“மாஸ்டர், கொழும்பிலே சதுப்பை நிரப்பாமல் எதைக் கட்டினவங்கள்?” என்று கேட்டேன். “1968 ஆம் ஆண்டிலே, தாழ்நிலங்களை நிரப்பி மேம்படுத்த எண்டே சட்டம் கொண்டுவந்து சபை அமைச்சவை. ‘நில மீட்பு’ எண்டு பேரும் வைச்சவை. 1982 இல் திறந்த பாராளுமன்றம் எங்கே நிக்குது? கோட்டேயில், சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதுக்கு நடுவிலே. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் தண்ணியிட்டை இருந்து நிலத்தை மீட்கலாம். ஆறு பரப்பு மண்ணை விட்டிட்டு வந்தவன் எட்டுப் பேர்ச் கேட்டால் மட்டும் பறவைக்குப் பாவமோ? எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு வீடு மாறியிட்டன். ஒரு கறிவேப்பிலை நட்டால் அடுத்த வருடம் அது என்னுடையதா இருக்கவேணும். அவ்வளவுதான்.”

இவ்வளவு நாளும் மனைவியிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. அந்த வெளியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கொக்கு ஒன்று எழுந்து பறந்தது.

மாஸ்டர் வழக்கமாக மறுமொழிக்குத் தயங்காதவர். அன்று தயங்கினார். குடை முனையைப் புல்லில் துடைத்தார். “நீர் சொல்லுறது நியாயம்” என்றார். “அதிலே ஒரு பிழையும் இல்லை. பாராளுமன்றத்தைச் சொன்னீர். 2010 நவம்பரிலே ஒரே இரவு மழையிலே அதுக்குள்ளேயும் தண்ணி போனது, ஞாபகமோ? தண்ணிக்கு நியாயம் தெரியாது. ஆர் பெரிய ஆள், ஆர் அகதி எண்டும் தெரியாது. எனக்குப் பறவையைப் பற்றிக் கவலைதான், மறைக்கேல்லை. ஆனால் இண்டைக்கு நான் பறவைக்காக வரேல்லை. இன்னுமொருக்கா நீர் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறதை என்னாலே பாக்க ஏலாது.”

தெருமுனையில் ஒரு சின்னப் பெட்டிக்கடை. எங்கள் சத்தம் கேட்டோ என்னவோ, கடைக்காரப் பெரியவர் வாங்கில் இடம் ஒதுக்கி இரண்டு பிளேன் டீ போட்டார், இஞ்சி தட்டி. எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் கதைத்தோம். அவருடைய தகப்பன் இந்தப் பக்கத்தில் வயல் செய்தவர். சிறுவனாக இருக்கும்போது வரம்பில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனது ஞாபகம் இருக்கிறது என்றார். கதை கதையாக, கடைச் சுவரைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. சுண்ணாம்பு அடித்தும் மறையாத கோடு. “வத்துர எனவா, மஹத்தயா” என்றார். தண்ணீர் வரும், ஐயா. முறைப்பாடு போலவும் இல்லை, பயமுறுத்துவது போலவும் இல்லை. விருந்தாளி வருவார் என்று சொல்வது போல இருந்தது. காணி வாங்க வந்தோம் என்று நாங்கள் சொல்லவேயில்லை.

தேநீர்க் காசை வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் மாஸ்டர் அதிகம் கதைக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், சதுப்பு நில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகத்தில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாம். தலைநகரம் ஒன்றுக்கு அப்படி ஒரு பெயர் கிடைப்பது பெருமைதான். “அந்தப் பட்டம் எங்களுக்கும் சேர்த்துத்தானே, மாஸ்டர்?” என்றேன். “ஏன் இல்லை? நாங்களும் இந்த ஊர் ஆக்கள்தானே” என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவரும் கொஞ்சம் திடுக்கிட்டவர் போல இருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் கொழும்பை ஒரு பஸ் தரிப்பாகத்தான் நினைத்திருந்தோம். பஸ் வரும் வரை நிற்கிற இடம். தரிப்பில் நிற்பவன் சுற்றியுள்ள மரத்தின் பெயரைக் கேட்கமாட்டான். மாஸ்டர் கேட்டார், அது அவருடைய தொழில். நான் கேட்கவில்லை. ஊரில் எங்கள் கிணற்றடியில் நின்ற புல்லுக்குக்கூட எனக்குப் பெயர் தெரியும். இங்கே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு தாழைக்கோழியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரை மறக்காமல் இருப்பதற்கு, இருக்கும் இடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானாக அப்படி வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மகனோடு கதைத்தேன். முற்பணம் கொடுக்கவில்லை என்றேன். அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். “விலை ஏறிக்கொண்டே போகுதப்பா” என்றான். உண்மைதான். விலை ஏறிக்கொண்டே போகிறது. எனக்கும் வயது போகிறது. நான் விட்ட அந்த எட்டுப் பேர்ச்சை இன்னொருவர் வாங்கிவிட்டார் என்று தரகர் பிறகு சொன்னார். அங்கே இப்போது அத்திவாரம் போட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. அவர்களும் ஒரு கறிவேப்பிலையை நட ஆசைப்பட்டவர்களாக இருக்கலாம். மழைக்காலம் வரும்போது அந்தச் சுவர்க்கோடுதான் எனக்கு ஞாபகம் வரும்.

நான் இன்னும் வாடகை வீட்டில்தான். ஊரிலே வேலி இன்னும் வேலியாகத்தான் இருக்கிறது. அதற்கான கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். அடுத்த வீடு மாறினாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

மாஸ்டரும் நானும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அத்திடியவுக்கு இன்னும் இரண்டு தரம் போய்வந்தோம். உள்ளான்கள் திரும்பிப் போய்விட்டன. பெட்டிக்கடைப் பெரியவர் எங்களைக் கண்டதும் இஞ்சியை எடுக்கிறார். அடுத்த முறை முகத்துவாரப் பக்கம், களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரம். அவர் ஊர், அவர்தான் வழிகாட்டி.

நேயர்களே, உங்களுக்கும் ஒரு நண்பர் இருப்பார். அவரோடு எவ்வளவு நாளாகத் தொலைபேசியில் மட்டும் கதைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு குடையை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். தூரம் போகத் தேவையில்லை. எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடிகிற காலத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.